மங்குக்கு மருந்து தைரொய்ட் குளிசையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கன்னத்தில் மங்கு எனப்படும் கறுப்பு கொஞ்சம் படர்ந்தால் போதும், "தைரொய்டாத்தான் இருக்கும், ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாருங்கோ" என்பது திருகோணமலையில் இப்போது வழக்கமான பேச்சாகிவிட்டது. சோதனையில் ஒன்றுமில்லை என்றால் அடுத்தது ஊர் பேர் தெரியாத கிறீம். குறை இருக்கிறதென்றாலோ, குளிசை போட்டால் முகம் தெளியும் என்ற நம்பிக்கை. இரண்டும் பிழை.

தொடர்பே இல்லையென்று சொல்ல வரவில்லை. மங்கு உள்ளவர்களிடம், தைரொய்டைத் தூண்டும் ஓமோனான ரீ.எஸ்.எச். அளவும் தைரொய்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் மற்றவர்களைவிடச் சராசரியில் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனாலும் மங்கைக் கிளப்பிவிடுவதில் முதலிடம் வெயிலுக்கு. பிறகு கர்ப்பம், கருத்தடைக் குளிசை, பரம்பரை. தைரொய்ட் குறைவுக்குக் கொடுக்கும் தைரொக்சின் குளிசை சோர்வையும் மலச்சிக்கலையும் மாற்றும். கன்னத்துக் கறுப்பைத் துடைக்காது.

தைரொய்ட் குறைந்தவரின் முகம் பெரும்பாலும் கறுப்பதுமில்லை. ஊதும், வெளிறும், காயும். புருவத்தின் வெளிநுனி உதிரும். சுரப்பு கூடும்போதுதான் சிலருக்கு மேனி கறுக்கிறது. உடலில் கோட்டிசோல் என்ற ஓமோன் வேகமாகச் செலவாக, அதை ஈடுகட்ட மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கோட்டிசோலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.ரி.எச். ஓமோனைக் கூட்டுகிறது, அது நிறமிக் கலங்களையும் தூண்டிவிடுகிறது.

பிடரியும் கமக்கட்டும் தடித்து வெல்வெற் மாதிரிக் கறுத்தால் பார்க்கவேண்டியது இரத்தச் சீனியை. உள்ளங்கை ரேகையும் முரசும் கறுத்து, உடம்பு மெலிந்து, எழும்பும்போது தலை சுற்றினால், கோட்டிசோலைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பியில் சந்தேகம் வரவேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது: கோட்டிசோல் குறைவைச் சரிசெய்யாமல் தைரொக்சினைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து.

தைரொய்ட் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் பலர் மறைக்கும் ஒன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோற்றின் என்ற விற்றமின் குளிசை. 5,000, 10,000 மைக்கிரோகிராம் அளவில் அதை விழுங்கிவிட்டுப் போனால், சில ஆய்வுகூட முறைகளில் ரீ.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைரொய்ட் ஓமோனான ரீ4 பொய்யாகக் கூடியும் காட்டும். தைரொய்ட் கூடிவிட்டதென்று இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடும். குறைந்தது 2 நாளாவது நிறுத்திவிட்டுப் போகவேண்டும், வைத்தியரிடமும் சொல்லவேண்டும்.

தைரொக்சின் எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் 30 முதல் 60 நிமிடம் பொறுக்கவேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி. அளவு மாற்றினால் 6 முதல் 8 கிழமை கழித்தே மறுபடி சோதிப்பதில் பயன். முந்திப் பார்ப்பது காசுக்குக் கேடு.

மங்குக்கு முதல் மருந்து நிழல். கடற்கரை மணலும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் ஊர் இது. எஸ்.பி.எஃப். எனும் வெயில் காப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசவேண்டும். வெளியில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடியும். கடலைப் பருப்பளவு பூசுவது பூசாததற்குச் சமம். அயன் ஒட்சைட் என்ற நிறப்பொடி கலந்த, தோல் நிறச் சாயமுள்ளது மங்குக்கு மேலானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும்.

இனி அந்தக் கிறீம்கள். ஒரு கிழமையில் முகம் பளிச்சென்றால் அதில் பாதரசமோ கடும் ஸ்ரெரொயிட்டோ இருக்கலாம். ஸ்ரெரொயிட் தோலை மெலியவைக்கும். நரம்பு தெரியும், பரு கிளம்பும், மெல்லிய மயிர் முளைக்கும். விட்டவுடன் முகம் எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். லேபலில் பாதரசத்தைக் குறிக்கும் "கலமெல்" என்றோ "மேர்கியூரிக்" என்றோ இருந்தாலும், தங்கம் வெள்ளி நகையில் படவிடாதீர்கள் என்று எச்சரித்தாலும் வாங்கவேண்டாம். நகைக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

ஏற்கெனவே பூசியவர்கள் டப்பாவை எறிந்துவிடாமல் தோல் கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோகட்டும். என்ன பூசினார்கள் என்று தெரிந்தால்தான், ஸ்ரெரொயிட்டைப் படிப்படியாகக் குறைப்பதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்க முடியும்.

மருந்தாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.