தமிழ்ப் பெயரை முதலில் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லைச் சீமையின் அல்வா, கருப்பட்டி, பத்தமடைப் பாய் எல்லாம் வெளியூர்க் கடைகளுக்குப் போக நல்ல லோகோ வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். லோகோ வேண்டும்தான். ஆனால் அச்சடித்த பவுச் மூட்டையோடு வீணாவது பெரும்பாலும் லோகோவால் அல்ல, லேபிளால். அதிலும் தமிழைக் கடைசியில் ஒட்டவைப்பதால் வரும் கேடு அதிகம். வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் நாங்களே இதைச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாக நடப்பது இது: ஆங்கிலப் பெயரை அழகாக வரைந்து முடித்துவிட்டு, அதன் கீழே மிஞ்சிய இடத்தில் ஏதோ ஒரு ஃபாண்டில் தமிழை அடிக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் ஒன்றும் நீளாது. 'திருநெல்வேலி' என்று எழுதினால் மேலே விசிறி, கீழே சுழி, நடுவில் கொம்பு. அதற்கு இடம் போதாமல் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குகிறார்கள். நெருக்கினால் நேர்க்கோடு மெலியும், படுக்கைக்கோடு தடித்தபடியே நிற்கும். அச்சில் ண, ஞ ஆகியவற்றின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயரை முதலில் கையால் வரைந்து, அதன் கோட்டுத் தடிமனுக்கு ஏற்ப ஆங்கிலத்தை அமைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. கடைப் பலகைக்கும் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்றுதான் அரசு அளவு சொல்லியிருக்கிறது.

வரைவதற்கு முன் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து தாளில் எழுதி வையுங்கள். பலகையில் 'அல்வா', பெட்டியில் 'ஹல்வா', உரிமத்தில் வேறொன்று என்று இருக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் வர்த்தகக் குறிக்கு விண்ணப்பித்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துத் தர வேண்டும். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருப்பது நல்லது. பதிவாகும் வரை பெயரருகே 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகே. முன்கூட்டிப் போட்டால் குற்றம்.

அடுத்தது எழுத்து உடைவது. வாசகம் வாட்ஸ்அப்பில் யூனிகோடாக, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் வருகிறது. அடிப்பவரின் கணினியில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி ஃபாண்ட். அச்சகத்தில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால் தமிழ் முழுதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடிலேயே செய்தாலும், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாவிட்டால் 'நெல்லை'யின் கொம்பு 'ந'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பிழை திருத்திய பிறகே எழுத்தைக் கர்வாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக மாற்றி சிவகாசிக்கு அனுப்புங்கள். கர்வாக்கிய எழுத்தில் ஒரு ஒற்றைக்கூடத் தட்டச்சில் சேர்க்க முடியாது. திருத்தக்கூடிய கோப்பைத் தனியே வைத்துக்கொள்வது அதனால்தான்.

சிறிய எழுத்து முழுவதையும் கருப்பு மை ஒன்றிலேயே அச்சிட வேண்டும். நான்கு மையும் கலந்த கருப்பில் தகடு ஒரு நூல் விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. நிறம் நீண்டிருக்கட்டும். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க பார்கோடின் முழு அளவு 37.29 x 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். கருப்பட்டி நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று கோடுகளைச் சிவப்பிலோ செம்பழுப்பிலோ அச்சிடுகிறார்கள். கடைகளில் உள்ள ஸ்கேனர் பலவற்றின் ஒளி சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

பொருளுக்குத் தக்க ஒட்டு வேண்டும். அல்வாவின் நெய் காகித லேபிளில் ஏறினால் கண்ணாடி போல ஆகிவிடும், எழுத்து மங்கும். பிளாஸ்டிக் படல ஸ்டிக்கர் தாங்கும். ஓலைப்பெட்டியின் மேடுபள்ளத்தில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது, நூலில் கட்டிய அட்டையே சரி. பத்தமடைப் பாயில் கோரைமேல் பசை படக் கூடாது. ஓரத்துணியில் தைக்கிற சிறு நாடா போதும்.

உணவுப் பொருளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாக வரலாம் என்பது விதி. ஆகவே முன்பக்கத்தைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் இவற்றுக்கான இடத்தை முதல் நாளே அளந்து ஒதுக்குங்கள்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ உணவுக்கான சதுரத்துக்குள் பச்சை வட்டம், சேர்மானங்கள், ஊட்டச்சத்து அட்டவணை, தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, விலை. கிராமுக்குக் குறியீடு சிறிய 'ஜி' ஒன்றுதான், 'ஜிஎம்எஸ்' தவறு. தேதி, விலை, தொகுதி எண் அடிக்கும் கட்டத்தின்மேல் வார்னிஷோ லேமினேஷனோ போடாதீர்கள். போட்டால் முத்திரை மை விரல் பட்டதும் அழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் லோகோவின் பதிப்புரிமை கடைக்காரருக்கு வந்துவிடாது. 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளி வடிவமைப்பாளரிடமே அது தங்கும். எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்ற முடியும். அந்தத் தாளில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். எங்கள் தொழிலில் இதைக் கேட்காமலே எழுதிக் கொடுப்பதுதான் முறை.

மாவட்டத் தொழில் மையம் சிறுதொழில் செய்வோருக்கு நடத்தும் பயிற்சிகளில் ஒரு அரை நாளை லேபிளுக்கு ஒதுக்க வேண்டுகிறோம். ஒவ்வொருவரும் தங்கள் லேபிளை அசல் அளவில் அச்செடுத்து, வெட்டி, உண்மையான டப்பாவில் ஒட்டி, ஒரு கை தூரத்தில் வைத்து வாசித்துப் பார்க்கட்டும். 5,000 பவுச்சுக்கு முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் அது நடந்தால் போதும்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.