புல்லின் இலைகளுக்கு முந்தைய இருபத்துநான்கு ஆண்டுகள்: விட்மனைத் தமிழில் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் நெடுங்காலம் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவிதை ஆய்வாளன் அல்லன். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றித் தமிழில் வரும் முன்னுரைகளையும் அறிமுகக் கட்டுரைகளையும் படிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் இடறி நின்றுவிடுகிறேன். அவர் சில காலம் அச்சுக்கூடத்திலும் பத்திரிகைகளிலும் வேலை பார்த்தார் என்று அரை வரியில் சொல்லிவிட்டு, அடுத்த அரை வரியில் 1855இல் 'புல்லின் இலைகள்' என்ற கவிதை நூல் வெளிவந்தது என்று முடித்துவிடுகிறோம். அந்தச் 'சில காலம்' இருபத்துநான்கு ஆண்டுகள். அதைப் பற்றியும், அந்த ஆண்டுகளின் கடைசியில் அவர் வைத்திருந்த சிறு குறிப்பேடுகளைப் பற்றியும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1831இல், பன்னிரண்டு வயதில், புரூக்ளினில் 'லாங் ஐலண்ட் பேட்ரியட்' என்ற வாரப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர் விட்மன். பத்தொன்பது வயதில் ஹன்டிங்டன் ஊரில் 'லாங் ஐலண்டர்' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கி, எழுதுவது, அச்சுக்கோப்பது, அச்சடிப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதோடு, குதிரையேறிப் போய் வீடுவீடாகப் போட்டும் வந்தார். பத்து மாதத்தில் அதை விற்றுவிட்டார். 1842இல் நியூயார்க்கின் 'அரோரா' நாளிதழ், 1846 முதல் 1848 ஜனவரி வரை 'புரூக்ளின் டெய்லி ஈகிள்', பிறகு மூன்று மாதம் நியூ ஆர்லியன்ஸின் 'கிரெசன்ட்' என்று மேசை மாறிக்கொண்டே இருந்தார். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்று வாதாடுவதற்காக 1848 செப்டம்பரில் அவர் தொடங்கிய 'புரூக்ளின் ஃப்ரீமன்' முதல் இதழ் வெளிவந்த கையோடு, ஊரையே சுட்ட பெருந்தீயில் அதன் அலுவலகம் எரிந்துபோனது. இடையில் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை, பின்னால் தந்தையோடு வீடு கட்டி விற்கும் தொழில். இவை கவிஞர் ஆவதற்கு முன் கழிந்த வீண் ஆண்டுகள் என்று நாம் கருதுவதுதான் பிழை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். விட்மனின் மிகப் புகழ்பெற்ற 'என்னைப் பற்றிய பாடல்' (Song of Myself) கவிதையின் தொடக்கத்தில், தான் வேலை எதுவும் இன்றிச் சாய்ந்து கிடந்து தன் ஆன்மாவை அழைப்பதாக ஒரு வரி வருகிறது; 'லோஃப்' (loafe) என்பது அவர் இட்ட சொல். அதை 'ஓய்வெடுக்கிறேன்' என்று பெயர்த்தால் வரி செத்துப்போகிறது. 'சும்மா இருக்கிறேன்' என்று பெயர்க்க எனக்கே கை துறுதுறுக்கும். ஆனால் 'சும்மா இரு சொல்லற' என்ற அருணகிரியாரின் குரல் நம் காதில் உடனே ஒலித்து, நியூயார்க்குத் தெருவில் திரிந்த அந்த மனிதரைத் துறவியாக்கிவிடும். இந்தச் சிக்கலுக்கு விடை பழைய பத்திரிகைக் கட்டுகளில் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த நாளில் அவர் எழுதிய 'அந்திப் பொழுதுத் தாள்கள்' என்ற பத்தி வரிசையில், 1840 நவம்பரில் வந்த ஒன்று, வெட்டியாகத் திரிபவனின் புகழ் பாடும் நகைச்சுவைக் கட்டுரை. மனித இனத்திலேயே உயர்ந்தவன் சோம்பித் திரிபவன்தான் என்று கூறி, அப்படிப்பட்டவர்களுக்கென ஒரு தேசமே இருந்தால் எப்படி இருக்கும் என்று கனவு காண்கிறது. அதே சொல்லைத்தான் பதினைந்து ஆண்டு கழித்து அவர் கவிதைக்குள் கொண்டுவந்தார். ஊர் பெரியவர்கள் முகம் சுளிக்கும் சொல் அது. அந்தச் சுளிப்பைத் தெரிந்தே ஆன்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இது தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அந்த வரிக்கு 'வெட்டிப்பொழுது' என்ற சொல்லைத் தேடிப் போவார். தெரியாதவர் தியானத்தைத் தேடிப் போவார்.

புரூக்ளின் படகுத்துறைக் கவிதையும் (Crossing Brooklyn Ferry) அப்படித்தான். 1856ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு இட்ட பெயர் 'அந்திப் பொழுதுக் கவிதை'. பழைய பத்தியின் பெயர் அங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. புரூக்ளினுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய படகுகளில் மக்கள் முண்டியடித்து ஏறுவதையும், கரையை விட்டுப் படகு நகர்ந்த பிறகும் தாவிக் குதிப்பதையும் 1847இல் 'ஈகிள்' இதழில் அவர் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கவிதைக்குப் போனால், அதில் வரும் கூட்டத்திற்கு முகமும் கைகாலும் வந்துவிடுகின்றன.

வரியின் நீளத்துக்கும் இந்த ஆண்டுகளில் ஒரு தடயம் உண்டு. ஐரோப்பாவில் 1848இல் எழுந்து ஒடுக்கப்பட்ட புரட்சிகளைப் பற்றி 1850 ஜூனில் 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழில் அவர் வெளியிட்ட 'ரிசர்ஜிமஸ்' என்ற பாட்டு குட்டைக் குட்டை வரிகளால் ஆனது. முதற்பதிப்பில் உள்ள பன்னிரண்டு கவிதைகளில் முன்பே அச்சில் வந்தது இது ஒன்றுதான். அங்கே பழைய வரிகள் இரண்டும் மூன்றுமாக ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு கிடக்கின்றன. சந்தத்தை உடைத்து அவர் எங்கே மூச்சை நீட்டினார் என்பதை இரண்டு அச்சுப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. அந்த முதற்பதிப்பு புரூக்ளினில் ரோம் சகோதரர்களின் சிறிய அச்சுக்கூடத்தில் 795 படிகள் அச்சானது. சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக்கோத்தார். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை மட்டும் செய்தித்தாளைப் போல இரட்டைப் பத்தியாக அமைக்கப்பட்டது. என் தொழில் வாசனையால் சொல்கிறேனோ என்னவோ, பத்திரிகைக்காரர் ஒருவர் கவிதைக்குள் குடியேறிய வழி எனக்கு அந்த இரட்டைப் பத்தியில்தான் தெரிகிறது.

இனிக் குறிப்பேடுகள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருப்பவற்றுள், 'டால்பட் வில்சன்' என்ற பெயரால் ஆய்வாளர்கள் அழைக்கும் சிறிய குறிப்பேடு முதன்மையானது. அதில் உரைநடையாக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணங்கள் திடீரென்று வரி வரியாக உடைந்து, 'நான்' என்று தொடங்குகின்றன. அடிமைகளின் கவிஞன் நான், எசமானர்களின் கவிஞனும் நான் என்றும், உடலின் கவிஞன் நான், ஆன்மாவின் கவிஞனும் நான் என்றும், இருவருக்கும் நடுவே நின்று இருவருக்குள்ளும் புகுந்து இருவரும் என்னை ஒன்றுபோல அறியச் செய்வேன் என்றும் அங்கே எழுதுகிறார். 1855இல் அச்சேறியபோது உடலும் ஆன்மாவும் தங்கின. அடிமையும் எசமானனும் அந்த இடத்திலிருந்து நீங்கினார்கள். பதிலாக, தப்பி வந்த அடிமைக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்துத் தன் மேசையில் உண்ணவைப்பவராகவும், வேட்டை நாய்களால் துரத்தப்படும் அடிமை தானே என்று சொல்பவராகவும் கவிஞர் பேசுகிறார். இருவருக்கும் நடுவில் நிற்பேன் என்ற குறிப்பேட்டு வாக்கியத்தைச் சிலர் பெருங்கருணை என்று மெச்சக்கூடும். எனக்கு அது தலையங்கம் எழுதுபவனின் பழக்கதோஷமாகவே படுகிறது; இரு தரப்பையும் திருப்திப்படுத்தப் பார்க்கும் அந்த நிலையை அவர் கவிதையில் கைவிட்டது நல்லதாயிற்று. ஆனால் எதைக் கைவிட்டார் என்பதைக் காணாத வாசகர், எதை அடைந்தார் என்பதையும் பாதிதான் காண்கிறார்.

இக்குறிப்பேட்டின் காலம் பற்றியும் கவனம் தேவை. 1921இல் எமரி ஹாலோவே இதை முதன்முதலாகத் தொகுத்து அச்சிட்டபோது 1847 என்று கணித்தார். பல நூல்கள் இன்னும் அதையே திருப்பிச் சொல்கின்றன. இன்றைய ஆய்வாளர்கள் 1854ஐ ஒட்டிய காலம் என்று கருதுகிறார்கள். வேறுபாடு சிறியதன்று. முதற்கணக்கின்படி அவர் 'ஈகிள்' ஆசிரியராக இருந்தபோதே கவிதை கருக்கொண்டு எட்டு ஆண்டு காத்திருந்தது. இரண்டாம் கணக்கின்படி நீண்ட பத்திரிகை அனுபவத்துக்குப் பின், ஓரிரு ஆண்டுக்குள் மளமளவென்று வந்து விழுந்தது. உங்கள் முன்னுரைகளில் ஆண்டை எழுதும்போது பழைய நூலிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஏடுகள் பட்ட பாடும் சொல்லத் தக்கது. விட்மன் 1892இல் இறந்ததும் அவருடைய தாள்கள் மூன்று பொறுப்பாளர்களுக்குள் பங்கிடப்பட்டுச் சிதறின. அவர்களில் ஒருவரான தாமஸ் ஹார்னட் 1918இல் 24 குறிப்பேடுகளைக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்தார். போருக்கு அஞ்சி 1942இல் பெட்டிகளில் கட்டி வெளியூருக்கு அனுப்பப்பட்டவை திரும்பி வந்தபோது பத்து ஏடுகளைக் காணவில்லை. 1995இல் நியூயார்க்கின் சோதபி ஏல நிறுவனத்தில் நான்கு வெளிப்பட்டு நூலகத்திற்குத் திரும்பின. 'டால்பட் வில்சன்' அவற்றில் ஒன்று. கூடவே அட்டையில் செய்த ஒரு வண்ணத்துப்பூச்சியும் வந்து சேர்ந்தது. முதுமையில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் விரலில் அமர்ந்திருக்கும் பூச்சி அதுதான். அது உயிருள்ள பூச்சி என்றே அவர் சொல்லிவந்தார். தன் நூலுக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரை எழுதி இதழ்களில் வெளியிட்ட மனிதர் அல்லவா! நம் அட்டைப்படங்களில் வரும் வெண்தாடி ஞானி அவர் தாமே அமைத்துக்கொண்ட தோற்றம். குறிப்பேடுகளில் இருப்பவர் அடித்து எழுதுகிறவர்.

அந்த ஞானித் தோற்றத்தைக் காப்பதற்காகப் பத்திரிகை எழுத்தின் கசப்பான பகுதியை மறைக்கவும் கூடாது. 1842இல் 'அரோரா' இதழில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களையும் அவர்களின் ஆயர் ஹியூஸையும் பள்ளி நிதி விவகாரத்தில் அவர் ஏசியது இன்று படிக்கக் கூசும். 1846இல் மெக்சிகோவைக் கடுமையாகத் தண்டித்தே ஆக வேண்டும் என்று போர் முரசு கொட்டினார். அடிமைக் கப்பல்களின் கொடுமையைக் கண்டித்து எழுதிய அதே கை, அடிமை முறை பரவினால் வெள்ளைத் தொழிலாளியின் உழைப்புக்கு மதிப்புக் குறையும் என்ற வாதத்தையே 1847இல் முன்னிறுத்தியது. அவர் எழுதியதாகக் கருதப்படும் 1858ஆம் ஆண்டுத் தலையங்கம் ஒன்று, வெள்ளையரும் கறுப்பரும் அமெரிக்காவில் என்றேனும் கலந்து வாழ முடியும் என்று யார் நம்புகிறார்கள் என்று கேட்கிறது. அப்போது 'புல்லின் இலைகள்' வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே 'இதழாளராக இருந்தபோது குறுகியவர், கவிஞரானதும் விரிந்தவர்' என்று எளிதாகக் கோடு போட்டுவிடவும் முடியாது.

இதையெல்லாம் தமிழ் வாசகருக்கு எதற்காகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் புதுக்கவிதையின் பிறப்புச் சான்றிதழில் விட்மனின் பெயர் இருக்கிறது. எதுகை, மோனை, தளை எதுவும் இன்றி வசனம் போலவே எழுதியவர் என்று அவரைத் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர் பாரதி. தம் முயற்சிக்கு வித்திட்டது விட்மனின் நூல்தான் என்று எழுதியவர் ந. பிச்சமூர்த்தி. பாரதியும் பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்து எழுதியவர். அவர் விஷயத்தில் நாம் கவிதையோடு நின்றுவிடவில்லை. பழைய இதழ்களைத் தேடியெடுத்துச் சீனி. விசுவநாதன் போன்றோர் காலவரிசையில் அடுக்கித் தந்த பிறகுதான் பாரதியின் கவிதை வரிகளுக்குப் பின்னால் இருந்த செய்தித்தாள் நமக்குத் தெரிந்தது. அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை விட்மனுக்குச் செலவிட்டால் போதும். ஏனெனில் மூலங்களைத் தேட வேண்டியதில்லை. எட் ஃபோல்சமும் கென்னத் பிரைஸும் 1995இல் தொடங்கிய விட்மன் ஆவணக் காப்பகத்தில் குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களும் பத்திரிகை எழுத்துகளும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி உள்ளன. குறிப்பேடு ஒன்றில் இருந்த கதாபாத்திரப் பெயர்களைப் பழைய நாளிதழ்களில் தேடிப் பார்த்ததால்தான், அவர் 1852இல் பெயரின்றி எழுதிய 'ஜாக் எங்கிள்' தொடர்கதை பின்னாளில் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு அகப்பட்டது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த முறை விட்மனைக் கொண்டுவரும்போது 1855ஆம் ஆண்டுப் பாடத்தையே மூலமாகக் கொள்ளுங்கள். அவர் சாகுமுன் கடைசியாக வெளிவந்த 'மரணப் படுக்கைப் பதிப்பிலிருந்து' பெயர்த்துவிட்டு முன்னுரையில் 1855 என்று எழுதாதீர்கள். நூலின் முன்பகுதியில் நாற்பது பக்கம் ஒதுக்கி, சோம்பித் திரிபவனைப் புகழும் பத்தி, படகுத்துறைக் கட்டுரை, மெக்சிகோத் தலையங்கம், டிரிபியூனில் வந்த பாட்டு ஆகியவற்றைத் தேதியோடு தாருங்கள். 'டால்பட் வில்சன்' ஏட்டிலிருந்து சில பக்கங்களைத் தரும்போது அவர் அடித்த சொற்களை நீக்கித் தூய்மையாக்காமல், அடித்த கோட்டோடே அச்சிடுங்கள். தமிழ் எழுத்தின் நடுவே கோடு ஓடினால் பக்கம் அழகாக இராது என்று வடிவமைப்பாளர் முணுமுணுக்கக்கூடும். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், கூலி இல்லாமல் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய துணை ஆசிரியன்