கண்ணுக்குப் பிடித்த பொம்மை, கைக்குப் பிடித்த பொம்மை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறுதல் தரும் பொம்மைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பெரிய கண், உப்பிய கன்னம், அகன்ற நெற்றி, இதெல்லாம் இருந்தால் வாங்குபவர் மனம் இளகிவிடும் என்கிறீர்கள். சரி, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் 1943லேயே சொன்னதுதான், பச்சைக் குழந்தையின் சாயல் எதில் தெரிந்தாலும் நமக்கு அள்ளிக் கொஞ்சத் தோன்றும். ஆனால் அழகாக இருப்பதும் ஆறுதலாக இருப்பதும் ஒன்றா என்ன? படத்தைக் காட்டி மதிப்பெண் கேட்டால் கண் சொல்வதுதான் கிடைக்கும், ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது அந்தப் பொம்மை உதவுமா என்பது அதில் எப்படித் தெரியும்?

1950களில் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்து வைத்தார். கம்பியால் செய்ததில் பால் கிடைத்தபோதும் குட்டிகள் குடிக்க மட்டும் அங்கே போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணி சுற்றிய தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன, பயந்தால் ஓடியதும் அதனிடம்தான். (அந்தக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தது கொடுமை, அது தனிக் கதை.) உங்கள் கட்டுரையில் தொடுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, யாருடைய கண் என்பது. ஆரம்பகால டெடி கரடிகளுக்கு மூக்கு நீளம், நெற்றி சிறிது, நிஜக் கரடி மாதிரியே இருக்கும். போகப்போகத்தான் குழந்தை முகம் வந்தது. ஆனால் 1995ல் வந்த ஓர் ஆய்வில் 6, 8 வயதுப் பிள்ளைகள்தான் குழந்தை முகக் கரடியை விரும்பினார்கள், 4 வயதுக் குழந்தைகள் அப்படி ஒன்றும் விரும்பவில்லை. அப்படியென்றால் கரடியின் முகம் மாறியது அதைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற சின்னஞ்சிறுசுகளுக்காக இல்லை, காசு கொடுக்கும் பெரியவர்களுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியவர்கள் தங்களுக்கே வாங்கிக்கொள்வதை நீங்கள் லேசாகக் கிண்டல் செய்தது பிடிக்கவில்லை. டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த முதியவர்கள் போன்றவர்களுக்கு ஆறுதல் தர ஜப்பானில் பாரோ என்ற சீல் குட்டி ரோபோவைச் செய்தார்கள், தடவிக்கொடுத்தால் அது அசையும், குரல் கொடுக்கும். அதையும் சிரிப்பீர்களா?

ஆன்லைனில் வாங்கும் இந்தக் காலத்தில் விற்பவர்கள் பொம்மையின் முகத்தைத்தான் பத்துக் கோணத்தில் காட்டுகிறார்கள். எடை எவ்வளவு, உள்ளே அடைத்திருப்பது பஞ்சா சின்னச் சின்ன மணிகளா, துவைத்தால் துணி முரடாகுமா, இதையும் எழுதச் சொல்லி அடுத்த கட்டுரையிலாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்