குற்றாலத்துக்குக் கார் வேண்டாம்

தண்டையார்பேட்டை,
சென்னை 81.

அன்புள்ள பாபுவுக்கு,

அம்மா எழுதுவது. ஆடி மாசம் லீவில் வரும்போது குற்றாலம் போகணும், வாடகைக் கார் பேசிடவா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் ஏறும், அதனால் எழுதி அனுப்புகிறேன்.

கார் வேண்டாம். சீசனில் சனி, ஞாயிறு கார்க்காரன் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பான். பக்கத்தில் ரூம் போட்டவன் துண்டைத் தோளில் போட்டு நடந்தே போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவான். காருக்கு வைத்திருக்கும் காசை ரூமில் போடு. குற்றாலம் என்று போர்டு வைத்திருக்கும் லாட்ஜில் பாதி இலஞ்சியிலும் மேலகரத்திலும் தென்காசி ரோட்டிலும் இருக்கும். "மெயின் அருவிக்கு நடக்க எத்தனை நிமிஷம்" என்று மட்டும் கேள். பத்து நிமிஷத்துக்கு மேல் சொன்னால் வேறு பார். உன் மாமியாருக்கு முட்டி வலி, மாடி ரூம் வேண்டாம். வெந்நீர் உண்டா என்பதையும் கேட்டுவை.

ரயில்தான் நல்லது. பொதிகை, 12661. சாயங்காலத்துக்கு மேல் ஏறினால் காலையில் தென்காசி. 60 நாளைக்கு முன்னால் புக்கிங் திறக்கும், ஆடி வெள்ளிக்கிழமை டிக்கெட் அன்றைக்கே முடிந்துவிடும். தட்கல் என்றால் கிளம்புவதற்கு முதல் நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. ஆதாரை ரயில்வே கணக்கோடு முன்கூட்டியே இணைத்துவிடு, இல்லையென்றால் அந்த நேரத்தில் டிக்கெட் எடுக்க விடாது. எந்த ஸ்டேஷனில் ஏறணும் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள். எழும்பூரில் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து எடுக்கிறார்கள். எழும்பூர் என்றால் நம்ம மெட்ரோவில் சென்ட்ரல், அங்கே பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன். தாம்பரம் என்றால் பீச் ஸ்டேஷன் போய் லோக்கல் பிடி. ஒரு மணி நேரம் ஆகும், பெட்டியோடு ஆபீஸ் விடும் நேரத்தில் ஏறாதே.

பஸ் என்றால் கிளாம்பாக்கம் வரை போகணும். வடசென்னையிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதே ஒரு தனிப் பயணம். ரயில் கிடைக்காத அன்றைக்கு மட்டும் அதை யோசி.

சங்கரன்கோவில் தாண்டியதும் பாப்பாவை எழுப்பிச் செருப்பு மாட்டிவிடு, கடையநல்லூர் வரும், பிறகு தென்காசி. அங்கிருந்து குற்றாலம் அஞ்சாறு கிலோமீட்டர்தான், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் கவிதாவுக்கும் உன் மாமியாருக்கும் டிக்கெட் இலவசம், உனக்கு மட்டும்தான் காசு. ஆனால் முதல் நாள் பெட்டிகளோடு பஸ்ஸில் தொங்க வேண்டாம், ஆட்டோ பேசிக்கொள்.

அருவிகளை ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று ஆட்டோக்காரர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதே. ஐந்தருவி ஒரு பக்கம், பழைய குற்றாலம் அதற்கு எதிர்ப்பக்கம். மெயின் அருவியோடு மூன்றையும் சேர்த்தால் பாதி நாள் ஈரத்துணியோடு ஆட்டோவில்தான் போகும். வந்த அன்றைக்கு மெயின் அருவி மட்டும். குற்றாலநாதர் கோயில் அங்கேயே இருக்கிறது, மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். சித்திர சபை கொஞ்சம் தள்ளி, நடந்தே போகலாம். கூட்டம் அதிகமென்றால் ராத்திரி சாப்பிட்ட பிறகு குளிக்கப் போ, தடை இல்லாத நாளில் விளக்கு வெளிச்சத்திலும் குளிக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் ஐந்தருவி. நாலைந்து கிலோமீட்டர், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. எட்டு மணிக்குள் குளித்துவிட்டால் வேன் கூட்டம் வருவதற்குள் கிளம்பிவிடலாம். திரும்பும் வழியில் வெண்ணமடைக் குளம், தண்ணீர் இருந்தால் படகு ஓடும், பாப்பாவுக்கு அது போதும். பழைய குற்றாலத்தை மூன்றாம் நாள் வை. அதற்கு மட்டும் ஆட்டோ, போக வர, காத்திருப்பும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசு. திரும்பி வந்த பிறகு காசு கொடு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேலே நடக்கணும், உன் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. வழியில் மசாஜ் கடை, மசாலாக் கடை என்று நிறுத்தினால் இறங்காதே, கமிஷனுக்காக நிறுத்துவது. செண்பகாதேவி, தேனருவி என்று யாராவது காட்டுக்குள் கூப்பிட்டால் போகவே கூடாது.

மெயின் அருவியில் மேலிருந்து விழும் தண்ணீர் நடுவில் பொங்குமாகடல் என்கிற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அது நிரம்பி வழிந்துதான் கீழே வருகிறது. வேகம் அங்கே உடைவதால்தான் நாம் கீழே நிற்க முடிகிறது. ஆனால் மலையில் பெரிய மழை பெய்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கீழே வெயில் அடிக்கும், மேலே கொட்டியிருக்கும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, போலீஸ் விசிலுக்குக் காத்திராமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் போய்விட்டான். ஒரு அருவியில் தடை, இன்னொன்றில் குளிக்கலாம் என்று இருக்கும். கண்டக்டரிடம் கேட்டால் சொல்வார். ஆட்டோ பேசுவதற்கு முன்னால் கேள்.

பாப்பாவைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் நிறுத்தாதே, ஓரத்தில் சிதறும் தண்ணீரே அவளுக்கு அதிகம். நீ நிற்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டு, உச்சந்தலையில் வாங்காதே. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி, அதனால் வெளியே எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். போன் யாரிடமும் இருக்காது. சங்கிலி, மோதிரம் ரூமிலேயே இருக்கட்டும், குளிரில் விரல் சுருங்கி மோதிரம் தானாகக் கழன்றுவிடும். உன் மாமியார் பல்செட்டையும் கழற்றி வைக்கட்டும், நீ சொல்லாதே, கவிதாவை விட்டுச் சொல்லச் சொல். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் அருவியில் தடை. பையைத் திறந்து வைத்தால் குரங்கு எடுத்துப் போய்விடும்.

சாரலில் துணி காயவே காயாது. டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு. நைலான் கயிறு ஒன்று, ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் கவர், ரப்பர் செருப்பு. சொட்டச் சொட்ட பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சத்தம் போடுவார், ஒரு மாற்றுத் துணி பையில் இருக்கட்டும்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் செங்கோட்டை போய் கேரளா பஸ்ஸில் ஆரியங்காவு. பாலருவிக்கு வாசலிலிருந்து வனத்துறை வண்டியே கூட்டிப்போகும். திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா.

ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணக் கூட்டம் நெரியும், அந்த நாளை விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக இருந்தால் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே குற்றாலத்தை விட்டுக் கிளம்பு. அன்று சாயங்காலம் தென்காசி ரோடு நகராது.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். இட்லி கட்டித் தரணும், மிளகாய்ப்பொடிக்கு எள் வாங்கணும்.

அம்மா