கல் நீக்கி எடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எகிப்திய நகைகள் பற்றிய கட்டுரை படித்தேன். துட்டன்காமனில் தொடங்கிக் கிளியோபாட்ராவோடு முடித்துவிட்டீர்கள். கி.மு. 30இல் ரோமாபுரி எகிப்தைப் பிடித்த பிறகு அங்கே யாரும் பட்டறைப் பக்கம் போகவே இல்லையா?

ஆயுசு முழுக்க நகைப் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன் நான். எனக்குப் பிடித்ததே எகிப்தின் அந்த ரோமர் காலத்து நகைகள்தான். பாம்புக் காப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் தலையிலும் வாலருகிலும் மட்டும் செதில் வெட்டியிருப்பார்கள். நடுவில் வெறும் மெருகு. கண் படும் இடத்தில் வேலை, மற்ற இடத்தில் கூலி மிச்சம். தொழில் தெரிந்தவன் செய்த காப்பு!

ஃபாயூம் பகுதியில் மம்மியின் முகத்தின்மேல் வைத்துக் கட்டிய ஓவியப் பலகைகளில் பெண்கள் போட்டிருந்த நகையை அப்படியே பார்க்கலாம். முதல் நூற்றாண்டில் குண்டுத் தோடு. பிறகு குறுக்குக் கம்பியிலிருந்து முத்துகள் தொங்கும் தோடு. ஓவியத்தின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் கொண்டையோடு தோட்டையும் பார்க்கிறார்கள். சில பலகைகளில் நகை வரும் இடத்தில் நிஜத் தங்க ரேக்கே ஒட்டியிருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அசத்தியது எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் ஊரில் கிடைத்த, கி.பி. 260ஆம் ஆண்டுக் கல்யாண ஒப்பந்தம். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சீர்வரிசைப் பட்டியல். கல் பதித்த கழுத்தணி, கல் நீக்கி 13 கால் எடை. பத்து முத்து வைத்த தோடு ஒரு ஜோடி, முத்து நீக்கி 3 கால். ('கால்' என்பது அவர்களுடைய எடைக் கணக்கு.) பெண் வீட்டார் எவ்வளவு விவரமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

போன வருஷம் பேத்தி கல்யாணத்துக்குப் பெரிய கடை ஒன்றில் கெம்புக்கல் ஆரம் எடுத்தோம். கல்லையும் உள்ளே அடைத்த அரக்கையும் சேர்த்துத் தங்க விலை போட்டுவிட்டார்கள். நான் உடன் போயிருந்ததால் தகராறு பண்ணிக் கழிக்க வைத்தேன். தொழில் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாகக் கேட்டு வாங்கச் சொல்லி நீங்கள்தான் எழுத வேண்டும்.

கார்கா பாலைவனச் சோலையில், டூஷ் என்ற இடத்தில், 1989இல் ஒரு பானைக்குள் கிடைத்த பொற்கிரீடத்தைப் பற்றியும் தனிக் கட்டுரை போடுங்கள். நடுவில் செராபிஸ் தெய்வம் உள்ள கிரீடம் அது. படம் பெரிதாக இருக்கட்டும். பற்றவைத்த இடம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகைத் தொழிலாளி,
கும்பகோணம்