ஈரத் துணியோடு வராந்தாவில் நின்ற ஒரு பாட்டியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஐப்பசியில் உங்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 21 நாள் இருந்த குழந்தையின் பாட்டி நான். பிறந்தபோது அவள் எடை 1,400 கிராம். இன்று என் மடியில் கிடந்து காலை உதைக்கிறாள். உங்கள் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்த வராந்தாவை என்னால் மறக்க முடியவில்லை.

டயாபர் வாங்கி வரச் சொன்னார்கள். கடையில் கிடைத்த ஆகச் சிறியதே அவளுக்கு மார்பு வரை வந்தது. தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டினாலும் மேலேறி, காயாத தொப்புள்கொடியைச் சிறுநீரில் ஊற வைத்தது. பிறகு பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். அதை அலசக் கழிவறையை ஒட்டிய ஒரே குழாய், உலர்த்த ஜன்னல் கம்பி. அடைமழையில் மூன்று நாள் எதுவும் காயவில்லை. பாதி ஈரத்தோடு, பினாயில் வாடையோடு, அதையே மடித்து உள்ளே கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன், ஐயா. ஒன்பதாம் நாள் தொப்புளைச் சுற்றிச் சிவந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். துணியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. துணியால் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

குறைமாதக் குழந்தையின் தோல் எவ்வளவு மெல்லியது, கிருமிக்கு அது எவ்வளவு சுலபமான வழி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நனைந்த டயாபரை எடைபோட்டுத்தான் சிறுநீரின் அளவைக் கணக்கிடுகிறார்கள். கூடும் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. ஈரமாகவே வந்து சேரும் துணியில் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

நான் கேட்பது ஒன்றுதான். குறைமாதக் குழந்தைகளுக்கேற்ற அளவு டயாபரை, மருந்தைக் கொடுப்பதுபோல மருத்துவமனையே கொடுக்க வேண்டும். துணிதான் முடியும் என்றால், மருத்துவமனைச் சலவையகத்தில் வெந்நீரில் துவைத்து, நன்றாக உலர்த்திய துணியாக இருக்கட்டும்.

2015இல் அரசு கொண்டுவந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் கை கழுவும் திரவமும் ஒன்று. கை சுத்தத்தின் அருமை அரசுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, குழந்தைத் துணியை அலசும் குழாயடியில் ஒரு துண்டு சோப்புக்கூட ஏன் இல்லை? கட்டடத்துக்கு வருகிற பணம் சோப்புக்கு ஏன் வருவதில்லை?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பிரிவிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உலர்ந்த, அளவான டயாபர் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி