முதல் அறுபது அடிக்குக் காற்று மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் டிராக் ரேஸ் (drag race), அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்ந்து ஓடும் பந்தயம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராத்திரியில் ஈசிஆரில் உயிரை விடாமல் முறையான தடத்துக்குப் போய் ஓட்டுங்கள் என்று பையன்களுக்குச் சொல்லியிருந்தது நல்ல விஷயம். ஆனால் கடைசிப் பத்தியில், புறப்படும்போது டயர் வழுக்கினால் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் போதும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பூந்தமல்லியில் 22 வருடமாக வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் டிராக் இருக்கிற நாளில் காலை ஆறரைக்கே நாலைந்து கார் என் கடை வாசலில் நிற்கும். போகும்போது எல்லோரும் வருவார்கள். திரும்பும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தத் திங்கட்கிழமை ஒரு ஸ்விஃப்ட் வந்தது. வண்டி இடது பக்கம் இழுக்கிறது, அலைன்மெண்ட் பாருங்க அண்ணா என்றான் பையன். பார்த்தேன், அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சந்தேகப்பட்டு முன் இடது டயரை ரிம்மிலிருந்து கழற்றினேன். உள்ளேயிருந்து காப்பிப்பொடி மாதிரி கருப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. பக்கச் சுவர் உள்பக்கமாகச் சுற்றிலும் அரைபட்டு, ஓரிடத்தில் நூலே தெரிந்தது. எவ்வளவு காற்று வைத்திருந்தாய் என்று கேட்டேன். "பதினஞ்சுண்ணா, பேப்பர்ல போட்டிருந்தாங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து, அதே காற்றோடு அம்மாவைப் பார்க்க வேலூர் போய்த் திரும்பியிருக்கிறான். ஹைவேயில் அந்த டயர் வெடிக்காமல் வந்தது அவன் அம்மா செய்த புண்ணியம்.

அந்த 15 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் டிராக் கார்களின் பின்சக்கரத்தில் போடும், பள்ளமே இல்லாத ஸ்லிக் டயரின் கணக்கு அது. அதன் பக்கச் சுவர் சுருங்கி மடிவதற்கென்றே மெல்லியதாகச் செய்யப்படுகிறது. நம் கடையில் விற்கும் சாதா ரேடியல் டயர் அப்படியல்ல. காற்று ரொம்ப இறங்கினால் அதன் நடுப்பட்டை உள்வாங்கிக்கொள்ளும், இரண்டு ஓரம் மட்டும்தான் தரையை அழுத்தும். பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறைந்துவிடும்.

இன்னொன்று. கார் பாய்ந்து புறப்படும்போது எடை பின்னால் சாயும். பின்சக்கர இழுவை வண்டிக்கு அது வரப்பிரசாதம். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எல்லாம் முன்சக்கர இழுவை. ஒரு டன் எடையுள்ள காரை நன்றாக அழுத்தி எடுத்தால், முன்சக்கரங்கள் மேலிருந்து ஏறக்குறைய 100 கிலோ பின்னால் போய்விடும். இழுக்க வேண்டிய நேரத்தில் பானெட்டிலிருந்து யாரோ இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அதனால்தான் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கியை இறக்கி வைக்கச் சொல்கிறேன். பின் ஸ்பிரிங்கும் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் வண்டி பின்னால் அவ்வளவாக உட்காராது.

என் மச்சான் மகன் ஈசியூ ரீமேப்புக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவதற்கு, தண்ணியாகக் காசைக் கரைத்தவன். 402 மீட்டர் ஓட்டத்தில் முதல் 60 அடிக்கே அவனுக்கு 2.6 விநாடி ஆனது. ஒருமுறை நானே தடத்துக்குப் போனேன். ஓட்டம் முடிந்து வந்ததும் முன் டயர்களைத் தடவிப் பார்த்தேன். உள்விளிம்பு கை வைக்க முடியாமல் சுட்டது, வெளிவிளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது. வளைவில் நன்றாகத் திரும்ப வேண்டும் என்று எங்கேயோ கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, நெகட்டிவில் (மேல்பக்கம் உள்ளே சாயும்படி) இரண்டு டிகிரிக்கு மேல் வைத்திருந்தான். நேராக ஓடுகிற பந்தயத்துக்கு அது எதற்கு? டயரின் பாதி ரப்பர் தரையைத் தொடவே இல்லை. பக்கச் சுவரில் இருந்த நாலு இலக்கத்தையும் படித்தேன்: 1017. அதாவது 2017ஆம் ஆண்டு பத்தாவது வாரத்தில் செய்தது. மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. கேம்பரைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மென்மையான ரப்பரில் புது டயர் இரண்டு மாட்டினோம். அடுத்த முறை 2.3. எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை.

சரி, காற்றைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்று அளவிலிருந்து முன்னால் மட்டும் இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக இறக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். மொத்தமாக நாலைந்து பிஎஸ்ஐக்கு மேல் இறக்க வேண்டிய வேலையே இல்லை. பின்னால் குறைக்கவே வேண்டாம். அப்புறம், டயரைச் சூடாக்குவதற்காகத் தடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தில் சாதா டயரோடு ஏறி, சக்கரத்தைச் சுழற்றிப் புகை விடுவது வீண். பட்டையில் இருக்கும் பள்ளமெல்லாம் தண்ணீரை ஏந்திக்கொண்டு புறப்படும் கோடு வரைக்கும் வரும். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், மண் உதிர ஒரு நொடி சுழற்றினால் போதும். புறப்படும்போது முன்சக்கரம் டக்டக்கென்று குதித்தால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) நைந்திருக்கலாம். விடாமல் அழுத்தினால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் போகும். அப்படிப் போனவை மூன்று என் கடைக்கு வெளியே துருப்பிடித்துக் கிடக்கின்றன.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். ஓட்டம் முடிந்தால் காற்றைப் பழையபடி ஏற்றிய பிறகுதான் ரோட்டுக்கு வர வேண்டும் என்ற ஒரு வரியாவது வரட்டும். டிராக் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை கம்ப்ரஸரை ஓடவிட்டு வைக்கிறேன், திரும்பி வரும் தம்பிகளிடம் காற்றுக்குக் காசு வாங்க மாட்டேன். இது விளம்பரம் மாதிரி தெரிந்தால் இந்த வரியை வெட்டிவிடுங்கள், திருத்தத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வீல் அலைன்மெண்ட் கடைக்காரர்,
பூந்தமல்லி.